செத்த மாட்டை எவனும் எழுதவில்லை

எங்கள் வாட்சாப் குரூப்பில் யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்கிறவன் முதலில் தன் ஊரையும் தன்னிடம் எத்தனை மாடு இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில். "கரையாம்புத்தூர், மூன்று மாடு: தவிட்டைக் குறை." "திருபுவனை, ஒன்பது மாடு: இது மடிநோய்." இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். குரூப்பை ஆரம்பித்ததும் நான்தான். என் பதில்கள் எல்லாம் "பாகூர், ஆறு மாடு" என்று தொடங்கும். அதை எழுதும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். இப்போது அந்தப் பழைய பதில்களைப் பார்த்தால் உடம்பு கூசுகிறது.

சட்டம் போட்டதற்குக் காரணம் இருந்தது. பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பால்காரர்கள் எல்லாரும் அந்தக் குரூப்பில் இருக்கிறோம். ஆரம்பத்தில் கண்டவன் கண்டதைப் போட்டான். மாட்டுத்தீவனம் விற்கிற ஒருத்தர் தினமும் ஒரு லிங்க் போடுவார். திறந்தால் அவர் விற்கிற மூட்டைக்கு விளம்பரம். இன்னொருத்தர் எங்கேயோ பனி பெய்கிற தேசத்து மாட்டைப் பற்றி எழுதியிருந்ததை எடுத்துப் போட்டு, கொட்டகையை எப்படிச் சூடாக வைப்பது என்று பாடம் நடத்தினார். அப்போது சித்திரை மாதம். நான் கோபக்காரன். "இனிமேல் எவனும் லிங்க் போடக் கூடாது. மாடு வைத்திருக்கிறவன் மட்டும் பேசு. சொந்த அனுபவத்தை மட்டும் பேசு" என்று எழுதினேன். ஒருத்தர் விடாமல் கைதட்டுகிற படம் போட்டார்கள்.

அந்தச் சட்டத்துக்கு அடங்காதவள் ஒருத்தி இருந்தாள். எங்கள் பால் சொசைட்டியில் பாலைச் சோதித்துப் பார்க்கிற பெண். முப்பது வயது இருக்கும். அவளிடம் மாடு கிடையாது. அவள் வீட்டில் யாரிடமும் கிடையாது. ஆனால் யார் என்ன கேட்டாலும், கால்நடை மருத்துவக் கல்லூரி போட்ட நோட்டீஸ், மாட்டாஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய தாள் என்று எதையாவது படம் பிடித்து, கோடு போட்டு அனுப்புவாள். சட்டப்படி முதலில் எழுதியும் விடுவாள்: "பாகூர், மாடு இல்லை." அதைப் பார்த்தாலே எனக்கு எரியும். அவளுக்கு லிங்க் மேடம் என்று பேர் வைத்தேன்.

காலையில் பால் ஊற்றப் போகும்போது எல்லார் எதிரிலும் கேட்பேன். "இன்னா லிங்க் மேடம், சாணி எந்தப் பக்கம் வரும்னு நோட்டீஸ்ல போட்டுக்கிறானா?"

வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "தண்ணி எந்தப் பக்கம் வருதுன்னு எனக்குத் தெரியும்ணா. உங்க கேன்ல கொஞ்சம் வந்துக்குது" என்பாள். அதற்கும் சிரிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணி. நான் கறிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நாலு பேர். குரூப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. மணப்பட்டிலிருந்து ஒரு பெண். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவர்களுக்கு மாடு புதிது. வாங்கி எட்டு மாதம்தான். கன்று போட்டிருக்கிறது என்று முந்தாநாள்தான் படம் போட்டிருந்தாள்.

"அண்ணே, மணப்பட்டு, ஒரே ஒரு மாடு. கன்னு போட்டு ரெண்டு நாளாச்சிண்ணே. காலைலேர்ந்து எழுந்துக்கவே மாட்டேங்குது. தலைய திருப்பி வயித்து மேல போட்டுக்கிச்சி. வயிறு வேற ஒரு பக்கம் உப்பிக்கினு கீது. இன்னா பண்றதுன்னு தெரியல. யாராவது சொல்லுங்களேன்."

குரல் நடுங்கியது. பின்னால் கன்றுக்குட்டி கத்துவது கேட்டது. எனக்கு அதெல்லாம் காதில் விழுந்தது. ஆனால் உப்பியது என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன். கறிக்கடைக்காரர், "அண்ணே, உங்களுக்கு நெஞ்செலும்பு போடட்டுமா?" என்று கேட்டார். போடு என்றேன். சொல்லிக்கொண்டே ஒரு கையால் எழுதினேன்.

"பாகூர், ஆறு மாடு: இது வாயு. பயப்படாதே. அரை லிட்டர் கடலை எண்ணெயில் ஓமமும் பெருங்காயமும் பொடித்துப் போட்டு, தலையை நல்லாத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்று. ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடும். முப்பது வருஷமாக நான் செய்வது."

அனுப்பிய கையோடு நாலு பேர் கட்டை விரலைத் தூக்கிப் படம் போட்டார்கள். அடுத்த நிமிஷமே அவள் வந்தாள். சொசைட்டிப் பெண்.

"பாகூர், மாடு இல்லை: அக்கா, வாயில எதுவும் ஊத்தாதீங்க. கன்னு போட்ட மூணு நாளைக்குள்ள மாடு இப்படிப் படுத்தா அது கால்சியம் கொறைஞ்சதால வர்றது. அப்போ மாட்டால விழுங்க முடியாது. ஊத்தறது நுரையீரலுக்குப் போயிடும். ஊசி போட்டா எழுந்துக்கும். டாக்டர் நம்பர் கீழ இருக்குது."

கீழே ஒரு நோட்டீஸின் படம். சிவப்புக் கோடு. அதற்கும் கீழே ஒரு லிங்க்.

நான் அந்த நோட்டீஸைப் படிக்கவில்லை. லிங்க் என்பதுதான் கண்ணில் பட்டது. அட்மின் என்பதால் யார் போட்டதையும் என்னால் அழிக்க முடியும். அழித்தேன். டாக்டர் நம்பரும் அதோடு போனது. "சட்டம் சட்டம்தான். எத்தனை மாடு வைத்திருக்கிறாய் நீ?" என்று எழுதினேன். அதற்கும் இரண்டு பேர் சிரித்துப் படம் போட்டார்கள். கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

நாலு மணிக்குப் பார்த்தால் மணப்பட்டுப் பெண்ணின் குரல் வந்திருந்தது.

"அண்ணே, மாடு செத்துப் பூட்சிண்ணே. நீங்க சொன்ன மாரிதான் ஊத்துனேன். பாதி ஊத்துறதுக்குள்ள இருமுச்சி. மூக்குல நொரையா வந்துச்சி. நான்தான் ஒழுங்கா ஊத்தல போல. லேட்டு வேற பண்ணிட்டேன். கேட்டவொடனே சொன்னீங்களே, அதுக்கு ரொம்ப தேங்ஸ்ணே."

அவள் எனக்கு நன்றி சொன்னாள். நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "விதி அம்மா. நம் கையில் என்ன இருக்கிறது." அதையும் "பாகூர், ஆறு மாடு" என்று ஆரம்பித்துத்தான் எழுதினேன். பழக்கம்.

என் மனைவி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கையில் துவைத்த துணி. "மூக்குல நொரையா?" என்றாள்.

"ஆமா."

"நம்ம கருப்பு மாட்டுக்கும் அப்படித்தான வந்துச்சி."

"அது பாம்பு."

"எங்கிட்டயே சொல்ற பாரு, பாம்புன்னு. எண்ண கிண்ணிய கழுவுனது யாரு? நான்தான?"

அவள் கொடிக்குப் போய்விட்டாள். 

அந்தக் கருப்பு மாட்டைப் பற்றி இங்கே எழுதத்தான் வேண்டும். பதினோரு வருஷம் இருக்கும். ஊரிலேயே அதிகம் பால் கறந்த மாடு அது. கன்று போட்ட மறுநாள் படுத்தது. தலையைத் திருப்பி விலாவில் வைத்துக்கொண்டது. காது இரண்டும் சில்லென்று இருந்தது. வயிறு உப்பியிருந்தது. நான் எண்ணெய் ஊற்றினேன். இருமியது. மூக்கில் நுரை. என் மடியிலேயே செத்தது. ஊரில் எல்லாரும் என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள். அவர்களிடம் நான் ஊற்றித்தான் செத்தது என்று எப்படிச் சொல்வது? பாம்பு கடித்துவிட்டது என்று சொன்னேன். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் பார்த்தேன், நல்ல பாம்பு, இவ்வளவு நீளம் என்று கையை விரித்துக்கூடக் காட்டினேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாம்பு கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

எண்ணெய் வைத்தியம் பொய் இல்லை. மழைக்குப் பிறகு இளம்புல்லையும் காராமணிக் கொடியையும் மேய்ந்துவிட்டு வயிறு உப்பி நின்ற மாட்டுக்கு நான் எத்தனையோ தடவை ஊற்றியிருக்கிறேன். பிழைத்திருக்கிறது. அதெல்லாம் நின்ற மாடு. நாக்கைச் சுழற்றி விழுங்கிய மாடு. படுத்த மாட்டுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் ஊற்றினேன். அந்த ஒரு தடவையும் கொன்றேன். மணப்பட்டுப் பெண் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருந்த அனுபவம் அது ஒன்றுதான். அதை மறைத்துவிட்டு மற்றதை எல்லாம் சொல்லி, முப்பது வருஷம் என்று முத்திரையும் குத்தினேன். நாங்கள் எல்லாருமே உயிரோடு இருக்கிற மாட்டைத்தான் எண்ணி எழுதினோம். செத்த மாட்டை எவனும் எழுதவில்லை.

மறுநாள் காலை பால் ஊற்றப் போனேன். அந்தப் பெண் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் கேனைத் திறந்து, கலக்கி, பாலை எடுத்து, குழாயில் விட்டுப் பார்த்தாள். அளவைச் சீட்டில் எழுதினாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"இன்னா, வாயத் தொறந்து சொல்லேன்" என்றேன்.

"சொன்னேன்ணா. அழிச்சிட்டீங்க."

வரிசையில் நின்ற எவனும் சிரிக்கவில்லை.

"நீ ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல அந்தப் பொம்பளைக்கு?"

இதை நான்தான் கேட்டேன். வெட்கம் கெட்டவன்.

"பண்ணேன். மூணு வாட்டி. மாட்டப் புடிச்சிக்கினு இருந்தாங்களோ இன்னாவோ, எடுக்கல." குழாயைக் கழுவி வைத்தாள். "நான் இன்னா பெருசா படிச்சிட்டேன்ணா. எவனோ நூறு மாட்டப் பாத்துட்டு எழுதி வச்சிக்கிறான். அதுல எத்தினி செத்துதோ. அதையும் சேத்துத்தான எழுதியிருப்பான்? நீங்க செத்தத சொல்ல மாட்டீங்களே." பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "அடுத்து வாங்க" என்றாள்.

அவளுக்குக் கருப்பு மாட்டைப் பற்றித் தெரியாது. பொதுவாகச் சொன்னாள். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். மூன்றாம் நாள், மணப்பட்டுப் பக்கம் மீன் எடுக்கப் போய் வருகிற ஒருத்தர் சொன்னார். அந்த வீட்டில் மாமியார்க்காரி தெருவில் நின்று கத்துகிறாளாம். மாட்டைக் கொன்றவள் என்கிறாளாம். வீட்டுக்காரரும் அவளோடு பேசுவதில்லையாம். கன்றுக்குட்டியை அவள் தொடக் கூடாதாம். இதைக் கேட்ட பிறகும் அரை நாள் யோசித்தேன். போகாமல் இருக்க என்னென்ன காரணம் சொல்லலாம் என்றுதான் யோசித்தேன். சாயங்காலம் வண்டியை எடுத்தேன். போகும் முன்னால் சொசைட்டிப் பெண்ணுக்குப் போன் செய்து அன்றைக்கு அவள் எழுதியதையும் நோட்டீஸையும் திரும்ப அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் அனுப்பினாள்.

கன்னியக்கோயில் தாண்டி மணப்பட்டுக்குள் நுழைந்து விசாரித்துப் போனேன். சிமென்ட் ஷீட் போட்ட வீடு. வாசலில் வலை குவிந்திருந்தது. கன்றுக்குட்டி வேப்ப மரத்தில் கட்டியிருந்தது. அந்தப் பெண் என்னை முன்னே பின்னே பார்த்தது இல்லை. "பாகூர், குரூப்பு அட்மின்" என்றேன். முகம் மலர்ந்தது. "வாங்கண்ணே, அம்மாந் தூரத்திலேர்ந்து வந்துக்கிறீங்களே" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"உன் மாடு செத்தது என்னாலதான்மா. படுத்த மாட்டுக்கு ஊத்தவே கூடாது. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப, நடுவுல ஒண்ணு அட்மின் அழிச்சிட்டாருன்னு வந்துச்சே. அது இன்னாண்ணே?"

போனை எடுத்துக் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தாள். வாயில எதுவும் ஊத்தாதீங்க என்ற இடத்தில் நின்றாள். இன்னொரு தடவை அதையே படித்தாள். ஊசி போட்டா எழுந்துக்கும் என்பதையும் படித்தாள். போனை என் கையில் கொடுத்தாள். அழவில்லை.

"இத எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? எங்க மாமியா உள்ளதான் கீது. அவுங்ககிட்ட சொல்லு."

அதுவரை நீங்கள் என்று பேசியவள். அந்தச் சொல் மாறியதை நான் கவனித்தேன். மாறத்தான் வேண்டும்.

மாமியார் வெளியே வந்தார். அறுபது வயது இருக்கும். மீன் கூடை தூக்கித் தூக்கிக் கழுத்து கெட்டிப்பட்ட பெண். பின்னால் மகன் வந்து வாசற்படியில் நின்றான். நான் சொன்னதையே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சொன்னது நீ. ஊத்துனது இவதான? கை அறியாதவ" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? வேறு வழி இல்லை. பதினோரு வருஷம் யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன்.

"கை அறிஞ்சவன் நான்மா. சின்ன வயசுலேர்ந்து மாடு வச்சிக்கிறேன். எங்க வூட்ல கருப்பு மாடு ஒண்ணு, இதே மாரி, கன்னு போட்ட மறுநாளு படுத்துச்சி. நானே என் கையால ஊத்துனேன். செத்துப் பூட்சி. ஊருக்கெல்லாம் பாம்பு கடிச்சிதுன்னு சொன்னேன். எவன் ஊத்தியிருந்தாலும் அது செத்துதான் இருக்கும். உன் மருமவ ஒழுங்காத்தான் ஊத்துனா. நான் சொன்ன மாரியேதான் ஊத்துனா. அதனாலதான் செத்துது."

 மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரிஞ்சே சொன்னியா அப்ப?" என்றார்.

"ஆமா" என்றேன். தெரிந்தே என்பது முழு உண்மை இல்லை. கறிக்கடையில் நிற்கும்போது கருப்பு மாடு எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராதபடி நானே செய்து வைத்திருந்தேன். அதை அந்த அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆமாம் என்பதே சரி.

மகன் வாசற்படியிலிருந்து இறங்கி வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். "யோவ், நாலு நாளா எம் பொண்டாட்டி சோறு துன்னலய்யா. நீ எழுந்து போ" என்றான். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அதுகூட அவன் கண்ணில் படவில்லை. வண்டியைத் திருப்பும்போது பார்த்தேன். மாமியார் கன்றுக்குட்டியின் கயிற்றை அவிழ்த்து மருமகளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். வாயில் ஏதோ திட்டிக்கொண்டேதான். அவளையா என்னையா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குரூப்பில் எழுதினேன். "பாகூர், ஆறு மாடு. செத்தது ஒன்று, நான் கொன்றது. மணப்பட்டு மாட்டையும் சேர்த்தால் இரண்டு." நடந்தது எல்லாவற்றையும் கீழே எழுதி, அழித்த நோட்டீஸையும் டாக்டர் நம்பரோடு திரும்பப் போட்டேன். லிங்க் போடக் கூடாது என்ற சட்டத்தை எடுத்துவிட்டேன். இனிமேல் பதில் சொல்கிறவன் செத்த மாட்டையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். "அண்ணே, இதையெல்லாம் எதுக்கு பப்ளிக்ல" என்று ஒருத்தர் எழுதினார். "பெரிய மனசு" என்று இன்னொருத்தர். பெரிய மனசாம். எவனும் தன் கணக்கை எழுதவில்லை. மறுநாள் காலையில் "திருபுவனை, ஒன்பது மாடு" என்று வழக்கம்போல ஒரு பதில் வந்தது. ஒன்பதுதான். ஒன்றுகூடச் செத்தது இல்லை அவருக்கு.

மணப்பட்டுப் பெண் குரூப்பை விட்டுப் போய்விட்டாள். நான் எழுதியதை அவள் படித்தாளா என்பது தெரியாது.

பத்து நாள் கழித்து, சொசைட்டியில் நான் கேனோடு நின்றபோது, சோதனை செய்கிற பெண்ணின் போனில் ஒரு குரல் கேட்டது. மணப்பட்டுப் பெண் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "அக்கா, கன்னுக்குட்டி காலைலேர்ந்து கழியுதுக்கா. இன்னா பண்றது?" அவள் போனை ஓரமாக எடுத்துப் போய் எதையோ தேட ஆரம்பித்தாள். என் நாக்கு துறுதுறுத்தது. கன்றுக்குட்டி கழிச்சலுக்கு எனக்குப் பத்து வைத்தியம் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஒரு தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அண்ணா, மொதல்ல அவுங்ககிட்ட இன்னா கேக்கணும்?" என்றாள்.

"நிக்குதா, படுத்துக்கிச்சானு கேளு. பால ஊட்டுனா முழுங்குதானு கேளு" என்றேன். "நான் சொன்னேன்னு சொல்லாத."